வாப்பாவின் அம்பாசடர், எட்டுப் பங்கு, ஒரு கியர் லிவர்

 

ஒருவர் விட்டுச் சென்ற சொத்து என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை வீடு, வயல், நகை, வங்கி இருப்பு ஆகியவையே. தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் அவற்றைப் பங்கிடும்போது ஆலிம்களை அழைத்துக் கேட்டுக்கொள்ளும் நல்ல வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால், கொட்டகையில் நிற்கும் பழைய வாகனம் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுகிறார். செலவு செய்பவர் தம் விருப்பம்போல் மாற்றியமைக்கிறார். மற்றவர்களுக்கு அதில் உரிமை உண்டு என்ற எண்ணமே எழுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் அண்மையில் எழுந்த ஒரு கேள்வி இதைப் பற்றி எங்களை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. கேள்வி மிகச் சிறியது: வாப்பா விட்டுச் சென்ற அம்பாசடர் காரின் கியர் லிவரை மாற்றுவதா, மாற்றினால் எதைப் பொருத்துவது? மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் எங்களைப் போன்றோர் எழுத வேண்டிய பொருள்தானா இது என்று சிலர் எண்ணக்கூடும். பழைய வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதன் தொழில்நுட்பப் பகுதியும், எல்லாக் குடும்பங்களுக்கும் இதன் மறுபகுதியும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம்.

ஸ்டீயரிங்கில் இருந்த லிவர்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957இல் அம்பாசடரை வெளியிட்டது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் வரை அது தயாரானது. எங்கள் வாப்பாவின் கார் 1974ஆம் ஆண்டின் மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள். குற்றாலத்தில் சீசன் காலங்களில் டாக்ஸி நிறுத்தத்தில் வரிசையாக நின்ற வெள்ளை அம்பாசடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் உருவத்தை விவரிக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து அம்பாசடரில் கியர் லிவர் தரையில் இருக்காது. ஸ்டீயரிங் சக்கரத்திற்குக் கீழே, இடக்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் கிடக்கும் 'எச்' வடிவக் கியர் பாதையைத் தூக்கி நிறுத்தியது போல அதன் அசைவு அமையும். இந்த ஏற்பாடு 1930களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் பரவியது. காரணம் எளியது: தரையில் லிவர் இல்லையென்றால், முன்புறம் ஒரே நீள இருக்கையாக அமைத்து ஓட்டுநரோடு மூவர் உட்காரலாம்.

அந்த நடு இடம் எங்கள் இல்லத்தில் வெறும் வசதி அன்று. உம்மாவுக்கு வயது 78. மலைப்பாதையில் பின்னிருக்கையில் அமர்ந்தால் தலைசுற்றி வாந்தி வரும். ஆகவே முன்புறம் சன்னலோரம் அமர்வார்கள். வளைவுகளில் உடல் சாயாமல் பிடித்துக்கொள்ள அருகில் ஒருவர் வேண்டும். புனலூரில் வாழும் எங்கள் தங்கை மாதம் ஒருமுறை வந்து, உம்மாவைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்லும்போது அந்த நடு இடத்தில் அமர்ந்து அவர்களின் கையைப் பற்றிக்கொள்வார். வாப்பா இருந்த காலத்திலேயே ஏற்பட்ட வழக்கம் இது.

ஸ்டீயரிங் லிவருக்கு ஒரு விலையும் உண்டு. கையருகே இருக்கும் லிவரின் அசைவு, ஸ்டீயரிங் தண்டோடு கீழிறங்கி, பானட்டுக்குள் இருக்கும் சிறு கைகள், தண்டுகள், மூட்டுகள் வழியாகக் கியர்பெட்டியை அடைய வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் இருக்கிறது. ஐம்பது ஆண்டு ஓட்டத்தில் ஒவ்வொன்றும் சிறிது தேய்ந்தால், எல்லாத் தேய்மானமும் சேர்ந்து லிவரில் பெரும் ஆட்டமாகத் தெரியும். ஒரு கியரிலிருந்து முழுமையாக விடுபடாமலேயே அடுத்ததை நாடும்போது லிவர் நடுவில் சிக்கிக்கொள்ளும். பானட்டைத் திறந்து கையால் தண்டை அசைத்து விடுவிக்கும் ஓட்டுநர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

சென்ற சாரல் காலத்தில் எங்களுக்கும் அது நேர்ந்தது. செங்கோட்டையைக் கடந்து, புளியரையில் எஸ் வளைவு ஏற்றத்தில் இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்கும்போது லிவர் சிக்கியது. பின்னால் பாரம் ஏற்றிய லாரி. சாலை முழுக்க ஈரம். முன்னிருக்கையில் உம்மாவும் தங்கையும். ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் தம்பி கைப்பிரேக்கை இழுத்து, இறங்கி, பானட்டைத் திறந்து விடுவித்தார். அல்ஹம்துலில்லாஹ், தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் இனி இப்படியே ஓட்ட முடியாது என்பது அனைவருக்கும் தெளிவாயிற்று.

இரண்டு விருப்பங்கள்

தம்பியின் விருப்பம்: தரை லிவர் பொருத்துவது, முன்புறம் தனித்தனி இருக்கைகள் வைப்பது. ஐசுசு எஞ்சினுடன் 1990களில் வந்த அம்பாசடரில் தரையில்தான் ஐந்து கியர் லிவர் இருந்தது. ஆகவே இது காருக்கு அந்நியமானதும் அன்று என்று அவர் வாதிட்டார்.

மூத்த அண்ணனின் விருப்பம் வேறு. ரியாதில் 22 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். அங்கே ஷெவ்ரலே கேப்ரிஸ் ஓட்டியவர். இப்போது அவரது இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்சை மிதித்து மிதித்து ஓட்ட இயலாது. எனவே ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியை வாங்கி ஏற்றி, அதற்குத் தனியே விற்கப்படும் தரை லிவர் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்றார். செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும் கூறினார். "நீங்கள் எல்லாரும் ஓட்டுகிறீர்கள். வாப்பாவின் காரை நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் உடனடியாக விடை இல்லை.

மூத்தவரின் கேள்வி நியாயமானது. எனவே அதை உணர்ச்சியால் ஏற்கவோ மறுக்கவோ செய்யாமல், முதலில் விவரத்தைத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தோம். தென்காசியில் நீண்டகாலமாக அம்பாசடர்களைப் பழுதுபார்த்துவரும் அண்ணாச்சி ஒருவரின் பட்டறையில் மூவரும் போய் அமர்ந்தோம்.

ஆட்டோமேட்டிக் லிவர் செய்யும் வேலை

சாதாரணக் காரில் லிவர்தான் பல்சக்கரங்களை மாற்றுகிறது. ஆட்டோமேட்டிக்கில் அப்படி அன்று. அங்கே கியரை மாற்றுவது எண்ணெய் அழுத்தம். லிவர் செய்வது, கியர்பெட்டியின் பக்கவாட்டிலுள்ள ஒரு சிறு கையை நகர்த்துவது மட்டுமே. அந்தக் கை உள்ளே ஒரு வால்வை நகர்த்தி, எண்ணெயை எந்த வழியில் விடுவது என்று தீர்மானிக்கிறது. நிறுத்தம், பின்னோக்கு, நடுநிலை, ஓட்டம் என ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் சரியாக அமர வேண்டும். மேலே லிவர் 'ஓட்டம்' என்று காட்டும்போது கீழே வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தால், அழுத்தம் குறைந்து உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரிந்துபோகும்.

ஆகவே இத்தகைய லிவரை வாங்குவோர் அழகைப் பார்க்குமுன் ஐந்து விவரங்களைப் பார்க்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டும், தேடிப் படித்தும் அறிந்தோம்.

முதலாவது, கியர்பெட்டி எது என்பது. அதில் எத்தனை நிலைகள், எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் உள்ளன என்பதற்கு ஏற்பத்தான் லிவர் அமைய வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு தண்டா, கேபிளா என்பது. கேபிளானால் கூர்மையாக வளையாமலும் சைலன்சர் குழாயின் சூட்டிலிருந்து விலகியும் செல்ல இடம் வேண்டும்.

மூன்றாவது, நிறுத்தத்திலும் நடுநிலையிலும் மட்டுமே எஞ்சினை ஸ்டார்ட் செய்யவிடும் பாதுகாப்பு சுவிட்ச். அது இல்லாவிட்டால் சாவியைத் திருப்பியவுடன் கார் பாய்ந்துவிடக்கூடும்.

நான்காவது, கவனமின்றித் தட்டினாலும் பின்னோக்கு நிலைக்குப் போகாதபடி தடுக்கும் பூட்டு.

ஐந்தாவது, எஞ்சின் ரப்பர் மவுண்ட்களின்மேல் அசையும்போது லிவரின் அமைப்பு கெடாமல் இருக்கிறதா என்பது.

இவை வீண் எச்சரிக்கைகள் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக் கியர்பெட்டியில், முன்செல்லும் தாழ்ந்த கியருக்கு அடுத்தே பின்னோக்கு நிலை இருந்தது. பின்னாளில் அமெரிக்க அரசு, முன்செலுத்தும் நிலைக்கும் பின்செலுத்தும் நிலைக்கும் இடையே நடுநிலை இருந்தே ஆக வேண்டும் என்று 1968 முதல் விதித்தது. இன்று நாம் காணும் ஆட்டோமேட்டிக் கார்களின் வரிசை அந்த நியதியின்படி அமைந்ததே. ஹர்ஸ்ட், பி அண்ட் எம் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் பழைய கார்களுக்கென லிவர்களைத் தயாரித்துப் புகழ்பெற்றவை. அவையும் இன்ன கியர்பெட்டிக்கு இன்னது என்று குறிப்பிட்டே விற்கின்றன.

அண்ணன் வாங்க எண்ணியிருந்த லிவரை விற்றவரோ, "எல்லா ஆட்டோமேட்டிக்கிற்கும் பொருந்தும்" என்றார். எந்தக் கியர்பெட்டிக்கு என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. குறையை மறைத்து விற்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹில் நாம் ஓதிக்கொடுக்கும் பாடம். ஆனால் இங்கே பொருளில் குறை இல்லாமலும் இருக்கலாம். எங்கள் காருக்கு அது பொருந்தாது என்பதே சிக்கல். அதைக் கேட்டுத் தெளிவது வாங்குபவரின் பொறுப்பு. அண்ணன் பணம் அனுப்புமுன் நிறுத்திக்கொண்டார்.

லிவருக்கு அப்பாலும் தடைகள் இருந்தன. அம்பாசடர் ஆட்டோமேட்டிக்காக வடிவமைக்கப்பட்டதன்று. வேறு காரின் கியர்பெட்டியை ஏற்ற, எஞ்சினோடு இணைக்கும் கூட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஜாயிண்ட் ஷாஃப்ட்டை வெட்டி அளவு மாற்ற வேண்டும். தரையைத் தட்டி உயர்த்த வேண்டும். நீண்ட ஏற்றத்தில் உண்டாகும் சூட்டைத் தணிக்க எண்ணெய்க்குத் தனிக் கூலர் வேண்டும். இத்தனைக்கும் பிறகு, 50 குதிரைத்திறன் எஞ்சின் ஐந்து பேருடன் ஆரியங்காவு மலையேறும்போது எப்படி இழுக்கும் என்று உறுதி கூற அண்ணாச்சி மறுத்துவிட்டார். "செய்து தரலாம் பாய். ஆனால் அதுக்குப் பிறகு இது வேற கார்" என்பதே அவர் சொன்ன சொல்.

தரை லிவரின் கணக்கு

தம்பியின் யோசனை இதைவிட எளிது. நேரடியாகத் தரைக்கு வரும்போது மூட்டுகள் குறையும். மூட்டுகள் குறைந்தால் ஆட்டமும் குறையும். ஆயினும் சந்தையில் கிடைக்கும் தரை லிவர் செட்டுகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. லிவர் நிற்கும் தாங்கி, கார் உடலில் அன்றிக் கியர்பெட்டியோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். உடலில் பிணைத்தால், எஞ்சின் குலுங்கும் ஒவ்வொரு முறையும் தண்டு இழுபட்டுக் கியர் தானே கழன்றுவிடக்கூடும். லிவர் நீளமானால் கைக்கு இலகு, ஆனால் அசைவு அதிகம். குட்டையானால் அசைவு குறைவு, ஆனால் கைக்குக் கனம். தரையில் வெட்டும் துளைக்கு நல்ல ரப்பர் உறை இல்லையேல், குற்றாலச் சாரலில் சாலை நீர் காலடியில் ஊறும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தரை லிவர் வந்தால் நடு இடம் போய்விடும். தங்கை பின்னிருக்கைக்குப் போக வேண்டும். உம்மா தனியே அமர வேண்டும்.

யாருடைய கார்?

இந்த இடத்தில்தான் எங்கள் பேச்சு லிவரை விட்டு விலகியது. மூன்று சகோதரர்கள் பட்டறையில் அமர்ந்து தீர்மானிக்கிறோம். ஆனால் கார் மூவருடையது மட்டும்தானா?

வாப்பாவின் கடன்கள் தீர்க்கப்பட்டுவிட்டன. மரண சாசனம் எதுவும் இல்லை. அவர்களின் பெற்றோர் முன்பே இறையடி சேர்ந்துவிட்டனர். இந்நிலையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது, ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் பிள்ளைகளுக்கு. அதாவது காரின் மதிப்பை எட்டாகப் பகுத்தால் உம்மாவுக்கு ஒன்று, சகோதரர் மூவருக்கும் இரண்டிரண்டாக ஆறு, தங்கைக்கு ஒன்று. வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டுவிட்டோம். கார் பங்கிடப்படாமல் கூட்டுச் சொத்தாகவே நின்றது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி, மற்றவரின் அனுமதியின்றி அவரது பங்கில் மாற்றம் செய்ய உரிமையற்றவர். செலவு முழுவதையும் தாமே ஏற்பதாலும் அந்த உரிமை வந்துவிடாது.

அன்று மாலையே உம்மாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு பேசினோம். உம்மா, "நீங்கள் ஒற்றுமையாய் எதைச் செய்தாலும் சரி" என்று முடித்துக்கொண்டார்கள். தங்கை சிறிது நேரம் மௌனமாக இருந்தார். காரைப் பற்றி இதுவரை தம்மிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை என்பதால் தயங்கினார் போலும். பிறகு நிதானமாகச் சொன்னார்: "வாப்பா வைத்திருந்த மாதிரியே இருக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த லாரியைத் திரும்பிப் பார்த்தவள் நான்தான். கியர் இனி சிக்கக் கூடாது, அது முதலாவது. உம்மா பக்கத்தில் உட்கார இடம் இருக்க வேண்டும், அது இரண்டாவது. இரண்டும் இருந்தால் லிவர் எங்கே இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

எட்டில் ஒரு பங்குக்கு உரியவர் சொன்ன இந்த இரண்டு நிபந்தனைகள், நாங்கள் ஒரு வாரமாகப் பேசியதை ஒரு நொடியில் ஒழுங்குபடுத்தின. எந்த லிவர் நல்லது என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். எதற்காக மாற்றுகிறோம் என்பதை அவர் சொன்னார்.

பட்டறையில் நடந்தது

அண்ணாச்சியிடம் இரு நிபந்தனைகளையும் கூறினோம். அவர் முதலில் கியர்பெட்டியிலிருந்து தண்டுகளைக் கழற்றினார். பெட்டியின் பக்கத்திலுள்ள கைகளை விரலால் நகர்த்திப் பார்த்தார். ஒவ்வொரு கியரும் தெளிவாக விழுந்தது. அப்படியானால் கோளாறு பெட்டிக்குள் இல்லை. வெளியே உள்ள இணைப்புகளில்தான். பழைய லிவர் சிக்குகிறதென்று புதியதைத் தேடும் எவரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே. பிறகு கிளட்ச் முழுமையாக விடுபடுகிறதா என்று பார்த்தார். எஞ்சின் மவுண்ட்கள் அமுங்கியிருந்தன. எஞ்சின் கீழிறங்கினால் தண்டுகளின் கோணமும் மாறிவிடும் என்பதால், அவையும் மாற்றப்பட்டன.

புஷ்களை லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து வாங்கினோம். அளவு பார்த்து, கடைசல்காரரிடம் மூன்று முறை திருப்பியனுப்பிச் சரியாக்கியவர் எங்கள் மூத்த அண்ணன்தான். வளைகுடாவில் இயந்திரப் பராமரிப்பில் பழகிய கண் அவருக்கு. தேய்ந்த ஊசிகள் மாற்றப்பட்டு, மூட்டுகளில் கிரீஸ் வைக்கப்பட்டு, நடுநிலையில் நிறுத்தித் தண்டுகளின் நீளம் சரிசெய்யப்பட்டது. முன்னிருக்கைக்கு இடுப்புப் பட்டிகளும் பொருத்தினோம். தரை லிவர் செட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை. செலவை எட்டாகப் பகுத்து, அவரவர் பங்கின்படி கொடுத்தோம். தங்கை தம் ஒரு பங்கைத் தாமே எடுத்து வைத்தார். வேண்டாம் என்று நாங்கள் மறுக்கவில்லை. கொடுப்பதும் உரிமையின் ஒரு பகுதியே.

மீண்டும் ஈரச் சாலையில் எஸ் வளைவு ஏறினோம். இரண்டிலிருந்து முதல் கியர் விழுந்தது. பழைய அம்பாசடர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லாததால், வண்டியை நன்கு மெதுவாக்கிய பின்னரே இறக்க வேண்டும். அந்தப் பொறுமை இன்னும் தேவைப்படுகிறது.

அண்ணனின் கேள்விக்கு இது முழு விடை ஆகவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தம் இரு பங்கின் மதிப்பைப் பெற்றுக்கொண்டு விலக அவருக்கு உரிமை உண்டு என்பதை எடுத்துக் கூறினோம். அவர் வேண்டாம் என்றார். தம் முழங்காலுக்கு ஏற்றவாறு சிறிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தமக்கென வாங்கிக்கொண்டார். அம்பாசடர் புறப்படும்போது பின்னிருக்கையில் அமர்ந்து, கியர் மாறும் ஓசையைக் கவனித்துக் குறை சொல்லிக்கொண்டு வருகிறார். அவரால் ஓட்ட முடியாத வருத்தம் இருக்கிறது. அதை எந்த லிவராலும் தீர்த்திருக்க முடியாது.

மாற்றுமுன் கேட்க வேண்டியவை

பழைய வாகனம் உள்ள குடும்பத்தினருக்குச் சில சொற்கள். கோளாறு பெட்டிக்குள்ளா, இணைப்பிலா என்பதை முதலில் கண்டறியுங்கள். புதிய லிவரானால், உங்கள் கியர்பெட்டியின் பெயரைச் சொல்லிப் பொருந்துமா என்று கேளுங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. பெரிய மாற்றமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதி, எஞ்சின், சேஸிஸ், உடற்கூடு ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பதிந்தால் அன்றாடப் பயணத்திற்கு ஓட்ட இயலாது என்பதால், எங்கள் காருக்கு அதை நாங்கள் நாடவில்லை.

அனைத்திற்கும் முன்னதாக, அந்த வாகனத்தில் எவரெவருக்குப் பங்கு உண்டு என்று எழுதிப் பாருங்கள். ஓட்டத் தெரியாதவர், வெளியூரில் வாழ்பவர், மணமாகிச் சென்றவர் ஆகியோரின் பெயர்களும் அந்தத் தாளில் இருக்கட்டும். அவர்களைக் கேட்ட பிறகு ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.

வல்ல நாயன் நம் பொருள்களில் நீதியையும், நம் பயணங்களில் பாதுகாப்பையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.